விடுமுறை நாளில் வந்து உதவிய அனைவருக்கும் புத்தகக் கடையின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். விடுமுறை நாளன்று எங்கள் புத்தகக் கடையை எல்லோருக்கும் திறந்துவைத்து, இவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் எழுத்தாளர்களை வாசகர்களோடு சேர்ந்து அமரச் செய்த நிகழ்ச்சி மனநிறைவோடு நடந்தேறியது. உதவியவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்ல விரும்பியும் அன்றைய கூட்டத்தில் அது கைகூடவில்லை. ஆகவே இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி எழுத்தாளர்களுக்கு உரியது. குடும்பத்தோடு கழிக்க வேண்டிய நாளை எங்களுக்குத் தந்ததோடு, மேடையோ ஒலிபெருக்கியோ கேட்காமல், புத்தக அடுக்குகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அமர்ந்து, வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அவர்கள் பொறுமையாக விடை சொன்னார்கள். நாவலாசிரியர் ஒருவர், தாம் பலமுறை திருத்தி எழுதிய ஓர் அத்தியாயத்தின் கையெழுத்துப் படிகளைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்து, எந்த வரியை ஏன் நீக்கினார், எந்தப் பாத்திரத்தின் பேச்சை ஏன் சுருக்கினார் என்று பள்ளி மாணவர்களுக்கு விளக்கினார். அச்சாகி வந்த புத்தகத்தில் யாரும் காண முடியாத அந்த உழைப்பை மாணவர்களுக்கு ஒளிவுமறைவின்றிக் காட்ட முன்வந்த அவருடைய பெருந்தன்மையை நாங்கள் மறக்கமாட்டோம்.

வந்திருந்தவர்களில் சிலர் சொந்தச் செலவில் நூல் வெளியிடுபவர்கள். பெரிய பதிப்பகங்களின் நூல்கள் விற்பனையாளர்கள் வழியாகக் கடைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. தாமே அச்சிட்டு வெளியிடுகிறவரோ தம் நூல்களைத் தாமே சுமந்துசென்று, பெரும்பாலும் விற்றபின் பணம் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில், கடை கடையாக வைக்க வேண்டியிருக்கிறது. அதிலும் 2007 முதல் 13 இலக்கங்களாக வழங்கப்படும் ஐ.எஸ்.பி.என். எனும், நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண் இல்லாத நூல் என்றால், பார்கோடு வழியாகப் பட்டியலில் ஏற்றவும் வழியில்லை; தலைப்பு, ஆசிரியர், விலை என ஒவ்வொன்றையும் கையால் பதிவுசெய்தாக வேண்டும். இந்த வேலையை முந்தைய நாள் மாலையில் அமர்ந்து பிழையில்லாமல் முடித்துத் தந்த கல்லூரி மாணவர்களுக்கு எங்கள் உளமார்ந்த நன்றி. அவர்கள் உழைப்பினால்தான் அந்நூல்களும் மற்றவற்றுக்குச் சமமாக முன்வரிசையில் இடம்பெற்றன.

புத்தகம் கட்டும் தொழிலில் நெடுங்காலம் இருக்கும் பெரியவர் ஒருவர் தம் கருவிகளோடு வந்திருந்தார். முழுத்தாளின் இருபுறமும் பக்கங்கள் ஏன் வரிசை மாறியும் தலைகீழாகவும் அச்சாகின்றன, அத்தாளை மூன்று முறை மடித்ததும் 16 பக்கங்கள் கொண்ட ஒரு பாரம் எப்படி ஒழுங்காக அமைகிறது என்று அவர் மடித்துக் காட்டியபோது, பெரியவர்களும் குழந்தைகளோடு சேர்ந்து நெருங்கி நின்று பார்த்தார்கள். பிறகு குழந்தைகளே தாளை மடித்து, முதுகு மடிப்பில் ஊசியால் தைத்து, ஓரங்களைப் பிரித்துத் தத்தம் ஏடுகளை எடுத்துச்சென்றார்கள். ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் நின்று கைபிடித்துச் சொல்லித்தந்த அவருக்கு எங்கள் வணக்கமும் நன்றியும்.

பார்வையற்ற வாசகர் ஒருவர், தாம் படிக்க விரும்பும் சிறுகதைத் தொகுப்பு பிரெய்லியிலோ ஒலிநூலாகவோ கிடைக்கவில்லை என்று அதன் ஆசிரியரிடமே சொன்னார். ஆசிரியர் அங்கேயே தம் நூலின் கணினிக் கோப்பைத் தர இசைந்தார். பார்வைக் குறைபாடு உடையோர் படிக்கத்தக்க வடிவங்களில் நூல்களை ஆக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடந்தர வேண்டும் என்ற மராகேஷ் பன்னாட்டு ஒப்பந்தம் 2013இல் உருவாகி, 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் அச்சிட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து, எழுத்துக்கு எழுத்து பிழை திருத்துவது நெடிய வேலை. ஆசிரியரே கோப்பைத் தந்துவிட்டால் அவ்வளவும் மிச்சமாகும். கேட்ட வாசகருக்கும் தயங்காமல் இசைந்த ஆசிரியருக்கும் நாங்கள் ஒருசேரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் அளவுக்கு அடுக்குகளை நகர்த்தித் தந்த நண்பர்களுக்கும், நாற்காலிகள் கொடுத்து உதவிய அண்டைக் கடைக்காரர்களுக்கும், விடுமுறையை விட்டுக்கொடுத்துப் பணியாற்றிய எங்கள் ஊழியர்களுக்கும் நன்றி. நூல் வாங்கிய வாசகர்களுக்கு நன்றி. வாங்காமல், ஒரு மூலையில் அமர்ந்து படித்துவிட்டு மட்டும் சென்றவர்களுக்கும் அதே நன்றி உரியது. அவர்களும் தயக்கமில்லாமல் உள்ளே வரவேண்டும் என்பதற்காகவே கதவைத் திறந்துவைத்தோம்.

விற்ற நூல்களுக்குரிய தொகையை எழுத்தாளர்களுக்குக் கணக்கோடு அனுப்பிவிட்டோம். படிகள் தீர்ந்துபோனதால் பெயர் எழுதிவைத்துச் சென்ற வாசகர்களுக்கான நூல்களில் எழுத்தாளர்கள் கையெழுத்திட்டுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவை வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிவிப்போம்.

நன்றியுடன்,
புத்தகக் கடையினர்