உன் எம்.பி.ஏ.வும் நம் பருப்புக் கடையும்

விருதுநகர்,
மாசி மாதம்.

அன்புள்ள பாப்பா,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். "எம்.பி.ஏ. சேர்ந்ததுல இருந்து என் பேச்சே மாறிப்போச்சுன்னு சித்தி சொல்றாங்க, நெசமாம்மா?" என்றாய். நெசம்தான். பொங்கல் சீர் கொண்டுவந்த பெரியப்பாவிடம் "வருஷா வருஷம் இதைச் செய்யுறீங்களே, உங்களுக்கு இதுல என்ன ரிட்டர்ன்?" என்று கேட்டது நீதானே? அவர் சிரித்துவிட்டார். சித்திக்குத்தான் சுருக்கென்று ஆகிவிட்டது.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியே தலை நரைத்தவள் நான். புதுப் பாடம் ஒன்று மண்டைக்குள் இறங்கினால் கொஞ்ச நாளைக்குப் பார்க்கிறதெல்லாம் அதுவாகத்தான் தெரியும். "பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை" என்று சொல்லிக்கொடுத்த வாரத்தில், பையன்கள் வடை வாங்கித் தின்றதற்கெல்லாம் பேரேடு போட்டுக்கொண்டு திரிவார்கள். அதோடு, வியாபாரக் கண் நம் ஊருக்கு என்ன புதிதா? கல்யாண வீட்டு மொய் நோட்டைவிடச் சுத்தமான கணக்குப் புத்தகத்தை எந்த ஆடிட்டரும் பார்த்திருக்கமாட்டார்.

உன் படிப்பால் இந்த வீட்டுக்கு நல்லதும் நடந்திருக்கிறது. ஆச்சியின் கூழ் வடகத்தை எடுத்துக்கொள். கடையில் அது விற்கிற பணத்தை அப்பா "சும்மா வர்ற லாபம்" என்றுதான் எப்போதும் சொல்லுவார். அரிசியும் உப்பும் மிளகாயும் கழித்தால் மீதியெல்லாம் லாபம் என்று கணக்கு. நீதான் உட்கார்ந்து கேட்டாய்: மாவு காய்ச்சுகிற நேரம், மொட்டை மாடி வெயிலில் பிழிகிற நேரம், காக்கா விரட்டுகிற நேரம், இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? அந்த நேரத்தில் ஆச்சி படுத்துத் தூங்கியிருக்கலாமே, அதற்கு என்ன விலை? நான் வகுப்பில் நடத்துகிற 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தையே எடுத்து அப்பா முன்னால் போட்டாய். ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் லாபத்தில் சமபங்கு உண்டு; ஆச்சிக்குச் சம்பளமும் இல்லை, பங்கும் இல்லையே என்றாய். அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. இப்போது கிலோவுக்கு இவ்வளவு என்று வாரா வாரம் ஆச்சி கையில் காசு போகிறது. அதை வைத்து ஆச்சி சீட்டு சேர்ந்திருக்கிறாள், உனக்குத் தெரியுமா? யாரிடம் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

சரக்கு வைக்க வாடகைக்கு எடுத்திருந்த, ஈரம் கோத்த அந்தக் கிட்டங்கியையும் அப்பா காலி செய்துவிட்டார். மரச்சட்டம் அடித்த காசு, சுண்ணாம்பு அடித்த காசு என்று சொல்லிச் சொல்லியே வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்தானே! "போட்டது போச்சுப்பா, இனிமே போடப்போறதை மட்டும் பாருங்க" என்று நீ சொன்னது வேலை செய்துவிட்டது. நான் அதையே பல தடவை சொல்லியிருக்கிறேன். மகள் சொன்னால்தான் ஏறும் போல.

ஆனால் லோடுமேன்கள் விஷயத்தில் உன்னோடு எனக்கு வழக்கு இருக்கிறது. லாரி இறக்கும்போது போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நின்றாய். பாதி நேரம் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் கணக்கு ஒப்பித்தாய். டெய்லர் என்று ஒருவர் இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தீர்த்துவைத்துவிட்டார் என்றாய். நானும் எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் பெத்லகேம் இரும்பாலையில் ஷ்மிட் என்று ஒரு கூலியாள். நாளுக்கு 12½ டன் இரும்புக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தவரை 47½ டன் ஏற்றவைத்ததாக 1911-ல் டெய்லர் தன் புத்தகத்தில் எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. கூலி அறுபது சதவீதம் கூடியதை நீ சொன்னாய். வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆனதைச் சொல்லவில்லை. உனக்கே அந்த வகுத்தல் வரும். ஏன் போட்டுப் பார்க்கவில்லை?

இன்னொன்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது, நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய். 92 பவுண்டுக் கட்டியைத் தூக்குகிற ஆள், எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், நாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம். மீதி 57 சதவீத நேரம் உடம்பில் சுமை இருக்கக்கூடாது என்று டெய்லரே கணக்குப் போட்டிருக்கிறார். 92 பவுண்டு என்றால் ஏறக்குறைய 42 கிலோ. நம் துவரம்பருப்பு மூட்டை 50 கிலோ. நீ அளந்துவந்த "பாதி நேரம்" அவர் கணக்குக்கே குறைவு. அவர்களை இன்னும் கொஞ்சம் உட்காரச் சொல்லவேண்டும் என்பதுதான் உன் ஸ்டாப்வாட்ச் சொன்ன செய்தி. நீ வேறு ஏதோ படித்துவிட்டாய்.

அந்தக் கதையையே டெய்லர் தனக்குத் தோதாகக் கொஞ்சம் சோடித்துச் சொன்னார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குக் கொடுக்கிற கேஸ் ஸ்டடிகளில் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள், பாப்பா: கதையை யார் சொல்கிறார், சுமை தூக்கியவரை யாராவது கேட்டார்களா?

கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தாமதமாக வருகிறார், நாளுக்கு ஐம்பது ரூபாய் பிடித்துவிடலாம் என்ற உன் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பா சரி என்று தலையாட்டினார், நான்தான் நிறுத்திவைத்தேன். பதில் நீ விட்டுப்போன புத்தகத்திலேயே இருந்தது. இஸ்ரேலில் ஹைஃபா ஊரில் குழந்தைக் காப்பகங்களில் செய்துபார்த்த சோதனை அது. இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் அதை வெளியிட்டார்கள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வருகிற பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. முன்னால் டீச்சரைக் காக்கவைக்கிறோமே என்று ஒரு கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் காசு கொடுத்துவிட்டோமே, அப்புறம் என்ன என்று ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. அதுதான் எனக்குப் பயம். அண்ணாச்சிக்கு இப்போது தாமதமானால் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கல்லாவுக்கு வருவார். அந்த வார்த்தையை ஐம்பது ரூபாய்க்கு விற்கச் சொல்கிறாயா? அவர் மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அந்த நாளில்தான் தாமதம். உன் அட்டவணையில் கிழமை என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம், கடன் நோட்டு. வாடிக்கையாளர்களை ஏ, பி, சி என்று பிரித்து நீ அனுப்பிய தாளை அப்பா சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். மகள் போட்டுக்கொடுத்தது என்று பஜாரில் நாலு பேரிடம் காட்டிவிட்டார். ஏ-யில் மதுரைப் பெரிய கடைகள். சி-யில் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துச் சின்னக் கடைகள்; வாங்குவது கொஞ்சம், பாக்கி நிற்பது அதிகம், தொண்ணூறு நாள் தாண்டினால் சரக்கை நிறுத்து என்று சிவப்பில் எழுதியிருக்கிறாய். கூட்டல் கழித்தலில் ஒரு பைசா பிசகில்லை. ஆனால் நீ எடுத்தது ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும் உள்ள கணக்கு. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அதனால் அங்கிருந்து எடுத்தாய். கரிசல்காட்டு வருஷம் ஏப்ரலிலா தொடங்குகிறது? ஐப்பசி மழைக்கு விதைத்தால் தையில் பாசியும் உளுந்தும் வரும், மாசி பங்குனியில் பருத்தியும் மிளகாய் வத்தலும் வரும். அப்போதுதான் வெள்ளாமை செய்கிற சம்சாரி கையில் காசு. சம்சாரி கொடுத்தால்தான் கிராமத்துக் கடைக்காரர் கையில் காசு, அவர் கொடுத்தால் நமக்கு. நீ பார்த்த ஆறு மாதமும் கிணறு வற்றிக் கிடக்கிற காலம். இப்போது மாசியில் வந்து பார், சி-யில் பாதிப்பேர் பாக்கியை முடித்துவிட்டார்கள்.

ஏ-யில் இருப்பவர்களையும் கொஞ்சம் உற்றுப் பார். கிலோவுக்கு ஐம்பது பைசா குறைத்துக் கொடுக்க ஓர் ஆள் வந்தால் அடுத்த வாரமே நம்மிடம் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். போன வருஷம் ஒருவர் அப்படிப் போனார். சின்னக் கடைக்காரர்களிடமும் அதே விலையோடு, ஊர் ஊராகச் சரக்குப் போடுகிற வேறு லைன் வண்டி போனது, ஒருவரும் மாறவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் அப்பா பாக்கி கேட்டு வாசலில் போய் நிற்கவில்லை என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

இது எந்த ஏட்டில் ஏறும் என்று நீ கேட்பாய். ஏறாது. பதினொன்றாம் வகுப்பின் தொடக்கப் பாடங்களிலேயே நாங்கள் நடத்துவது அதைத்தான்: பணத்தில் அளக்க முடிந்தது மட்டுமே கணக்கில் வரும் என்பது பணமதிப்பீட்டுக் கருத்து. நற்பெயரும் அப்படித்தான். இன்னொருவர் கடையை விலைக்கு வாங்கும்போது அதன் நற்பெயருக்கென்று கொடுத்த பணத்தைச் சொத்தாக எழுதலாம். நாமே உண்டாக்கிய நற்பெயரை எழுதக்கூடாது, கணக்கியல் தரநிலை அனுமதிக்காது. சரியான விதிதான் அது. இல்லையென்றால் ஆளாளுக்கு என் பெயர் பத்துக் கோடி பெறும் என்று எழுதிவைத்துவிடுவார்கள். கணக்கு தன் எல்லையை முதல் பக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஐந்தாறு பாடம் தள்ளிப்போனதும் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள், ஏட்டில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உன்னிடம் எனக்கு இருக்கிற வழக்கே இவ்வளவுதான். ஒரு சூத்திரத்தைப் போட்டு விடை வந்ததும், எதையெல்லாம் தள்ளிவிட்டு இந்த விடை வந்தது என்று ஒரு தடவை பார்த்துவிடு. தள்ளியதில் ஆள் யாராவது இருந்தால் அவரைப் போய்க் கேள்.

கணக்குப் பார்ப்பது கல்நெஞ்சு என்று சித்தி மாதிரி நானும் சொல்வதாக நினைத்துவிடாதே. ஆச்சிக்குக் கண்புரை எடுத்த மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியை நினைத்துப்பார். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கியது. அடுத்தடுத்து மேசை போட்டு, ஒரு நோயாளிக்கு முடிப்பதற்குள் அடுத்தவரைத் தயாராக வைத்து, டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும் என்று வேலையைப் பிரித்தார்கள். அதுவும் டெய்லர் வழிதான், நேரத்தை அளந்து வேலையைப் பிரிக்கிற வழி. கண்ணுக்குள் வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாமல் 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்று சொந்தத் தொழிற்சாலை தொடங்கிச் செய்தார்கள். பணம் கட்டுகிறவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கும் பார்த்தார்கள். ஹார்வர்டில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள், உங்களுக்கும் வரும். வரும்போது அங்கே எதை மிச்சம் பிடிக்கக் கடிகாரம் பார்த்தார்கள் என்று கவனி. உன் ஸ்டாப்வாட்ச்சும் அதே கடிகாரம்தான்.

மகமையைப் பற்றியும் கேட்டாய், நமக்கு என்ன கிடைக்கிறது, ஏன் கட்டவேண்டும் என்று. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கிய மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியும்தான் நம் ஊர்ச் சத்திரிய வித்யாசாலா பள்ளிக்கூடத்தை வளர்த்தன. காமராஜர் படித்தது அங்கேதான். அன்றைக்குக் காசு கொடுத்தவர்களில் எத்தனை பேர் பலனைப் பார்த்தார்கள்? அது ஒரு சாதி தன் பிள்ளைகளுக்காக வைத்த நிதியும்கூட. அதனால் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன: யாருக்குப் போனது, யாரை விட்டது, இன்றைக்கு யார் கையில் இருக்கிறது? இதையெல்லாம் தாராளமாகக் கேள், சங்கக் கூட்டத்திலேயே எழுந்து கேள், நான் கூட வருகிறேன். ரிட்டர்ன் என்ன என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பாவுக்கு ஒரு போன் போட்டுவிடு. மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம், சும்மா பேசு. அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ கேட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கடன் நோட்டின் பக்கங்களை ஐப்பசியிலிருந்து படம் எடுத்து இன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழு வருஷத்துக்கும் ஏ, பி, சி மறுபடி போடு. இந்தத் தடவை இரண்டு கட்டம் கூடுதலாகப் போடு: எந்த மாதத்தில் பணம் வருகிறது, எத்தனை வருஷமாக நம்மிடம் வாங்குகிறார்கள். சிவப்பு மையில் எதையும் எழுதுவதற்கு முன்னால் அப்பாவோடு ஒரு நாள் நரிக்குடி லைனுக்கு வண்டியில் போய்வா. பங்குனிப் பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று சொல், அதற்குத் தக்கபடி லைனை மாற்றிவைக்கச் சொல்கிறேன். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா