எங்கள் அம்மாவுக்குத் துணை நின்ற ஊருக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கும், உறவினர்களுக்கும், எங்கள் பங்கு மக்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க!

அம்மாவின் அடக்கம் முடிந்து, இறப்புக்குப் பின் நடத்தும் விருந்துச் சடங்கான அடியந்திரமும் குறையில்லாமல் நடந்துவிட்டது. வீடு வீடாக ஏறி நன்றி சொல்வதுதான் எங்கள் ஊர் முறை. ஆனால் அக்காவால் முன்போல நடக்க முடியவில்லை. அண்ணன் மும்பைக்கும் தம்பி சென்னைக்கும் திரும்பிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் வளைகுடாவில். அதனால் எல்லோர் சார்பிலும், கடைசிவரை அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்த மகளாகிய நான் இந்த மடலை எழுதுகிறேன்.

அம்மாவை உங்களில் பலர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சின்னவர்களுக்கு அவர் ‘செபக்காரப் பாட்டி’. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் துஷ்டி, அதாவது சாவு, என்றாலும் கோவில் மணி அடித்து ஓய்வதற்குள் வெள்ளைக் கவணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கையில் செபமாலை, இடுப்பில் செருகிய சின்ன டார்ச், அவ்வளவுதான். நம்ம ஆள், வேற ஆள் என்ற பேச்சு கிடையாது. பத்து வருஷம் பேசாமல் இருந்த வீட்டுக்கும் போவார். இப்படி அவர் ஊருக்குச் செய்ததையெல்லாம் கடைசி மாதங்களில் ஊர் அவருக்குத் திருப்பிச் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தது.

அம்மா பிறந்தது 1932இல். அப்போது இந்தக் குமரி மண் திருவிதாங்கூர் சமஸ்தானம். கோட்டாறு மறைமாவட்டம் உருவாகி இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் அப்பா கோவிலில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கும் உபதேசியார். அதனால் எழுத்துக்கு முன்னால் செபம்தான் வீட்டில் படித்தார். அப்புறம் முளகுமூடு கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள். 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரி லூயிஸ் அங்கே தொடங்கிய பணி இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு ஒரு கைத்தொழிலைக் கொடுத்தது. அம்மாவும் அங்கே ரேந்தை (லேஸ்) பின்னப் படித்தவர்தான். கண் பார்வை மங்கிய பிறகும் எங்கள் கோவில் பீடத்துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, ‘இங்க ஒரு கண்ணி விட்டிருக்கு’ என்று சரியாகச் சொல்லுவார்.

1955இல் கல்யாணம். அடுத்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அக்காவை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா சகல அர்ச்சிஷ்டவர்கள் (புனிதர்கள்) திருநாள் பூசைக்குப் போய்விட்டு, மறுநாள் ஆத்துமாக்கள் திருநாளுக்காகக் கல்லறைத் தோட்டத்தில் புல் பறித்துக்கொண்டிருந்தாராம். எங்களிடம் அந்த நாளைப் பற்றி எப்போது சொன்னாலும் இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுவார்.

அப்பா பனையேறி. 1974இல் பனையிலிருந்து விழுந்து இறந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. நான்கு பிள்ளைகளும் ஒரு விளையும் (தோட்டமும்) கொஞ்சம் கடனும் அம்மாவுக்கு மிஞ்சின. அவர் மற்ற பனையேறிகளிடம் அக்கானி, அதாவது பதநீர், வாங்கிக் காய்ச்சத் தொடங்கினார். சுண்ணாம்புக் கலயத்தில் வந்த அக்கானியை அரித்து, பெரிய பானையில் ஊற்றி, சருகும் பனமட்டையும் போட்டு எரித்து, மத்தியானம் வரை துடுப்பால் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். பாகு பதம் வந்ததா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். அப்புறம் சிரட்டைகளில் ஊற்றுவார். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. அதைப் பெட்டியில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு தக்கலைச் சந்தைக்கு நடப்பார்.

அக்கானிக் காலமும் தபசுக்காலமும் (தவக்காலமும்) எப்போதும் சேர்ந்தே வரும். சாம்பல் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை அம்மா ஒரு சில்லுக் கருப்பட்டியைக்கூட வாயில் போட மாட்டார். நாள் முழுக்க அந்த மணத்தில் நின்று, கையெல்லாம் பாகு ஒட்டிக்கிடக்கும்போதும் அப்படித்தான். பதம் பார்த்த சொட்டை எங்கள் நாக்கில்தான் வைப்பார். எங்களை விரதம் இருக்கச் சொன்னதில்லை. நீங்கள் வளருகிற பிள்ளைகள், தின்னுங்க என்பார். விசுவாசத்தை எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். அதட்டிச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் இன்று கோவிலுக்குப் போய்க்கொண்டிருப்போம் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஏழு மணிக்குச் செபமாலை. ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க’ என்று பழைய செபத்தைத்தான் கடைசிவரை சொன்னார். நாங்கள் புதுச் செபத்தில் பதில் சொல்லுவோம், இரண்டும் சேர்ந்து போகும். பிறகு பேரப்பிள்ளைகள் குவைத்துக்கும் துபாய்க்கும் போனதும் செபமாலை வீடியோ கால் வழியாகத் தொடர்ந்தது. அங்கே பிறந்த கொள்ளுப்பேத்திக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அந்தப் பழைய செபம் முழுதும் மனப்பாடம். துக்கத்துக்கு வந்தவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொன்னபோது அழாதவர்கள் யாரும் இல்லை.

விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த நம் குமரி மண்ணின் வேதசாட்சி புனித தேவசகாயத்தின் மேல் அம்மாவுக்குத் தனிப் பற்று. புனிதர் பிறந்த நட்டாலத்துக்கும் காற்றாடிமலைக்கும் வருஷம் தவறாமல் போவார். 1752 ஜனவரி 14ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்ற அந்த மலையடியில் வெயில் பாராமல் முழங்காலில் நிற்பார். 2012 டிசம்பர் 2ஆம் தேதி நாகர்கோவிலில் நடந்த முத்திப்பேறு பட்ட (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி) விழாவுக்கு எண்பது வயதில் வேனில் வந்தார். 2022 மே 15ஆம் தேதி உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை டிவியில் பார்த்தபோது கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் அம்மா தினமும் மன்றாடியது அவருக்குப் பின்னால் தனித்து நின்ற ஞானப்பூவிடம். வேதசாட்சியின் மனைவி பட்ட பாட்டை யாரும் கேட்பதில்லை என்று சொல்லுவார். இளவயதிலேயே கைம்பெண்ணாகக் காலத்தைக் கடந்த எத்தனையோ பேருக்கு அம்மா அந்தப் பெயரைச் சொல்லி ஆறுதல் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இப்போது நினைக்கும்போது, அது தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டதுதான்.

துஷ்டி வீட்டில் அம்மா நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனவுடன் செபத்தை ஆரம்பிக்க மாட்டார். தலைமாட்டில் ஒரு ஓரமாக உட்காருவார். ஒரு முறை நான் அவசரப்பட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது என் கையைப் பிடித்து, ‘அழுகைக்கு எடையில செபம் சொல்லப்பிடாது மக்களே, அழுது தீரட்டு’ என்றார். ஒப்பாரி தானாகத் தணிந்து, அந்த வீட்டுப் பெண்கள் மூக்கைச் சிந்தி நிமிரும்போதுதான் சிலுவை அடையாளம் போடுவார். 130ஆம் திருப்பாடலைப் பார்க்காமலே சொல்லுவார். செபம் முடிந்ததும் நேராக அடுக்களைப் பக்கம் போய்ப் பிள்ளைகள் ஏதாவது குடித்தார்களா என்று பார்ப்பார். இப்போது பல வீடுகளில் ஒலிபெருக்கியில் சோகப் பாட்டைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்கும்தான்.

ஓகி புயல் அடித்த 2017இல் எங்கள் ஊரில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோதும், விளை போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், தூத்தூர், வள்ளவிளைக் கடலில் போனவர்களுக்காகத்தான் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் உங்கள் அருமை எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. முதலில் கொண்டுபோன ஓர் இடத்தில், இந்த வயதுக்கு மேல் என்ன செய்வது என்ற மட்டில் பேசி அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தை மனதை ரொம்பவே உடைத்தது. அன்று எங்களைக் கூட்டிப்போன தக்கலை ஆட்டோக்காரத் தம்பி, அம்மாவைத் தானே கையில் ஏந்திக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி, ‘உம்மாவ வீட்டுலயே நல்லா பாத்துக்கிடலாம் அக்கா’ என்றார். அதற்குப் பிறகு எந்த ராத்திரி கூப்பிட்டாலும் வந்தார். தம்பி, உங்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் அக்காவும், நோய்த்தணிப்பு சிகிச்சைக்கு வந்த நர்ஸ் சிஸ்டரும் இல்லாவிட்டால் அம்மாவுக்கு வந்த படுக்கைப்புண் ஆறியிருக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தம் படக்கூடாது, ஈரம் நிற்கக்கூடாது என்று எங்களை நிற்க வைத்துச் செய்யச் சொல்லிப் பழக்கினார்கள். புண்ணைத் துடைக்கும்போது அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அம்மாவும் வலியை மறந்து அவர்களுடைய வீட்டுக் கதையெல்லாம் விசாரிப்பார். தண்ணீர்ப் படுக்கையும் சக்கர நாற்காலியும் தந்து உதவிய வின்சென்ட் தே பவுல் சபை அண்ணன்மாருக்கு நன்றி.

ராத்திரி முறை வைத்து எங்களோடு உட்கார்ந்த, பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்களே, உங்களை எப்படி மறப்போம்? பகலெல்லாம் முந்திரி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை செய்துவிட்டு வந்து, என்னைத் தூங்கப் போ என்று விரட்டினீர்கள். கீழவிளை அக்கா கோவிலுக்கு வருபவர் இல்லை, அவர்கள் வீட்டு முற்றத்தில் இருப்பது துளசி. ஆனால் நாற்பது வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டே அம்மாவின் செபமாலை முழுதும் அவருக்கு வரும். கடைசி மாதத்தில் அம்மாவுக்குக் குரல் எழும்பாமல் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக் கொடுத்தது அந்த அக்காதான். பழைய செபமாகவே சொன்னார். அம்மா உதடு அசைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பங்குத்தந்தை முதல் வெள்ளிதோறும் மழையென்றும் பாராமல் நற்கருணை கொண்டுவந்தார். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) கொடுத்துவிட்டு, வேறு வேலை இருந்தும் போகாமல், அம்மாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். சாமி, மிக்க நன்றி. மடத்துச் சிஸ்டர்மார் அம்மாவைக் குளிப்பாட்டி, அவர் எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை உடுத்திவிட்டார்கள். தலைமாட்டில் விரித்த துணியின் ரேந்தை அம்மா கையால் பின்னியது.

அடக்கத்தன்று வந்தவர்களைச் சொல்லி முடியாது. சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து கஞ்சியும் காணத்துவையலும் (கொள்ளுத் துவையலும்) பயறும் வந்துகொண்டே இருந்தன. எங்கள் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் குடிக்க வைத்தீர்கள். கல்லறை வெட்டிய இளைஞர்கள் மழையில் குழிக்குள் தண்ணீர் நிறைய நிறைய இறைத்துக்கொண்டு நின்றார்கள். பந்தல்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நடுராத்திரியில் போய்ப் பேரனைக் கூட்டிவந்த மாமா, பள்ளிக்கூடத்து நாற்காலிகளைத் தலையில் சுமந்துவந்த பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வந்த வாத்தியார் அண்ணன் ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். அப்புறம் நீங்கள் எல்லோரும் வாய்விட்டுச் செபம் சொன்னீர்கள். நாங்கள் அழுது தீரும்வரை காத்திருந்து ஆரம்பித்தீர்கள். யார் அதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும்.

யாரையாவது விட்டிருந்தால் பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். தண்ணீர்ப் படுக்கையைக் கழுவிக் காயவைத்துச் சபையிலேயே ஒப்படைத்துவிட்டோம். சக்கர நாற்காலி கோவில் அலுவலகத்தில் இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மிஞ்சிய மருந்துகளையும் துணிக்கட்டுகளையும் நர்ஸ் சிஸ்டரிடம் காட்டிவிட்டு, பயன்படுகிறவற்றை மட்டும் அவர்களிடமே கொடுத்தோம். அடியந்திரத்துக்கு வாங்கிய பாத்திரங்களில் ஒரு பெரிய வார்ப்பு யாருடையது என்று தெரியவில்லை. பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் 30ஆம் நாள் திருப்பலி வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு நம் கோவிலில் நடக்கும். பூசை முடிந்து கல்லறை மந்திரிப்பு (ஆசீர்வாதம்), அப்புறம் வீட்டில் செபமாலையும் கருப்பட்டிக் காப்பியும். கீழவிளை அக்காதான் செபமாலையைத் தொடங்கி வைக்கிறார். அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள்