சண்டை மாஸ்டர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரின் திரை விமர்சனத்தில் இசை யார், ஒளிப்பதிவு யார், படத்தொகுப்பு யார் என்று பெயர் பெயராகப் போடுகிறீர்கள். சண்டைக்கு வந்தால் மட்டும் ‘சண்டைக் காட்சிகளில் அனல் பறக்கிறது’ என்ற ஒரு வரியோடு சரி. அந்த அனலை மூட்டியவர் பெயர் எங்கே?

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்திலிருந்தே எங்கள் ஆட்களுக்குச் சண்டை என்றால் உயிர். ‘முரட்டுக்காளை’ ரயில் சண்டையை இன்றும் சிலாகிக்கும் பெரியவர்கள் இங்கே உண்டு. அதை அமைத்தவர் ஜூடோ ரத்தினம் என்றால் ‘அப்படியா?’ என்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு உழைத்து, 2023 ஜனவரியில் மறைந்தவர் அவர். பின்னாளில் மாஸ்டர்களான பலர் அவரிடம் தொழில் பழகியவர்கள்தாம்.

முதலில் நாயகனிடம் அடிவாங்கிப் பறந்து விழும் ஃபைட்டர், பிறகு டூப், அப்புறம் உதவியாளர், அதற்கும் பிறகே மாஸ்டர். தானே விழுந்து எழுந்தவருக்குத்தான் இன்னொருவரை எவ்வளவு உயரத்திலிருந்து விழவைக்கலாம், அடியில் எத்தனை அடுக்கு அட்டைப்பெட்டி வேண்டும், ரோப்பை எந்த நொடியில் இழுக்க வேண்டும் என்று தெரியும்.

பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத் தருபவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கைப்பேசியில் பார்த்துவிட்டு மதில்மேலிருந்து அப்படியே குதிக்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தோளால் உருண்டு, உள்ளங்கையால் தரையை அறைந்து விழ வேண்டும் என்பதை நாங்கள் மெனக்கெட்டுப் பழக்க வேண்டியிருக்கிறது. இது துணிச்சல் மட்டுமல்ல, கணக்குப் பார்த்துச் செய்கிற தொழில் என்று பத்திரிகையும் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். தொழில் தெரிந்தவருக்கே ஆபத்து நீங்குவதில்லை. 2025 ஜூலையில் தமிழகத்தில் கார் சாகசக் காட்சி ஒன்றில் அனுபவமிக்க கலைஞர் ஒருவர் உயிரிழந்தார்.

இந்திய தேசிய விருதில் சண்டைக்கென ஓர் இடம் வந்ததே 2017இல்தான். முதலில் பெற்றவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கார் 2028இல்தான் கொடுக்கப்போகிறது. நம் பத்திரிகை ஏன் காத்திருக்க வேண்டும்? அடுத்த வார விமர்சனத்திலேயே மாஸ்டர் பெயரைப் போடுங்கள்.

நம் மலேசிய நாட்டுத் தமிழ்ப் படங்களில் ரோப்பில் தொங்கும் பிள்ளைகளையும் பேட்டி எடுங்கள். 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கலைத்துறையினரும், வேலையில் அடிபட்டால் உதவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா கட்டலாம். அவர்களில் எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள் என்று அப்போது கேளுங்கள்.

இப்படிக்கு,
சிலம்ப ஆசிரியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்