பழைய வள்ளம் வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பூவாறு, தேங்காப்பட்டினம் பக்கம் பழைய மரவள்ளம் (மரப்படகு) வாங்க வருகிறவர்களில் பலர் புதுப் பெயின்டைப் பார்த்தே விலை பேசிவிடுகிறார்கள். வேதனையாக இருக்கிறது.

முதலில் அடிப்பக்கத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். அயனி மரமென்றால் மஞ்சள் கலந்த பழுப்பு தெரியும். மாமரம் வெளிறியிருக்கும், ஆயுளும் குறைவு. கயிற்றால் தைத்த வள்ளத்தில் கயிறு இற்றிருந்தால் பயமில்லை, பிரித்துத் தைக்கலாம். இரும்பாணியைச் சுற்றி மரம் கறுத்துப் பொடிந்தால் அந்தப் பலகையையே மாற்ற வேண்டும்.

மரத்தை மக்கவைப்பதில் உப்புநீரைவிட மழைநீர்தான் மோசம். அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை), குறுக்குப் பலகை சேரும் மூட்டு, இங்கெல்லாம் குத்தூசியால் அழுத்துங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். மக்கிய மரத்தில் அரை அங்குலம் சத்தமில்லாமல் இறங்கும். வெளியே குண்டூசித் தலையளவு துளைகள் இருந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கடற்புழு உள்ளே விரல் பருமனுக்குக் குடைந்திருக்கலாம், உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலச் சத்தம் கேட்கும்.

அணியத்திலிருந்து அமரம்வரை நூல் பிடித்தால் முதுகு வளைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வெயிலில் கிடந்த வள்ளம் ஒழுகத்தான் செய்யும். அதை வைத்துக் குறை சொல்லி விலையைக் குறைப்பது நியாயமில்லை. 2, 3 நாள் நீரில் ஊறி மரம் உப்பிய பிறகும் ஒழுகினால்தான் பழுது. மேலே ஃபைபர் ஒட்டியதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே மக்கிக்கொண்டிருக்கும், குத்தூசிக்கும் அது அகப்படாது.

வள்ளப் பணியாளர்கள்,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்