எண்ணெய் ஒன்றும் பூசாதே

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிறபடியால் சிறுபோகம் விதைத்திருக்கிறோம். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது, விறாந்தையைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போகிறது.

மற்றக் கதைகளைப் பிறகு எழுதுகிறேன். உன் பூனைக்குட்டியைப் பற்றி வாசித்ததும் பதறிப்போனேன். காது ஓரத்தில் சாம்பல் நிறப் பொருக்குக் கட்டியிருக்கிறது, ஓயாமல் சொறிகிறது, அயலில் பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து பூசாதே. வேப்பெண்ணெயும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், கிருமி கொல்லுகிற பெனோல் கலந்த தண்ணீரும் வேண்டாம். நாய்க்குப் பூசினோமே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். நாய் வேறு, பூனை வேறு. பூனை விழித்திருக்கிற நேரத்தில் நல்ல பங்கு தன்னை நக்கித் துப்புரவாக்குவதிலேயே போகிறது. தோலில் எதைத் தடவினாலும் கொஞ்ச நேரத்தில் அது வயிற்றுக்குள் போய்விடும். அதோடு சில பொருட்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பெனோல் அப்படியானது. பரசிற்றமோலும் அப்படித்தான். நாங்கள் தலையிடிக்குப் போடுகிற 500 மில்லிகிராம் குளிசை ஒன்று போதும், ஒரு பூனை செத்துவிடும். நாய்களின் தெள்ளுக்கு விற்கிற மருந்துகள் சிலவற்றில் பேர்மெத்திரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அதுவும் பூனைக்கு நஞ்சு.

நீ எழுதியதைப் பார்த்தால் சொறிப்பூச்சி போலத்தான் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலைத் துளைத்து உள்ளே இருக்கும். காது ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து என்று இறங்கும். பூனை சுருண்டு படுக்கும்போது முகம் முட்டுகிற முன்கால்களுக்கும் பின்பக்கத்துக்கும் பரவும். மற்றப் பூனைகளுக்குத் தொற்றும், தூக்கி வைத்திருப்பவர்களின் கையிலும் கொஞ்ச நாள் அரிப்புக் கடி இருக்கும். ஆனால் இது மாறக்கூடிய வருத்தம். ஊசி இருக்கிறது, பிடரியில் விடுகிற துளிமருந்தும் இருக்கிறது. அளவு குட்டியின் நிறையைப் பொறுத்தது என்பதால் நீயாக வாங்கிப் போடாமல் மிருக வைத்தியரிடம் காட்டு. வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது பங்கசு என்கிற பூஞ்சணமாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. அதுவும் பிள்ளைகளுக்குத் தொற்றும்.

தெள்ளு இருக்கிறதா என்று நீயே பார்க்கலாம். நுண்சீப்பால் முதுகை வாரி, விழுகிற கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் வை. செம்மண் நிறத்தில் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், குடித்த இரத்தம்தான் அப்படிக் கசிகிறது. தெள்ளின் முட்டை பூனையின் உடம்பில் ஒட்டி நிற்காது, படுக்கிற சாக்கிலும் நிலத்திலும் கொட்டிவிடும். ஆகவே சாக்கைச் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடாமல் பூனைக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

எங்கள் கறுப்பியை உனக்குத் தெரியும்தானே. 2010 இல் மீள்குடியேறி, தகரக் கொட்டிலில் எலித்தொல்லை தாங்காமல் இருந்தபோது நீ கொண்டுவந்து தந்த குட்டியின் வழிவந்தவள். அவளுடைய சுகத்தை நான் விளையாட்டில்தான் பார்ப்பேன். பின்னேரம் வெக்கை தணிந்ததும் ஈர்க்கு நுனியில் துணித்துண்டு ஒன்றைக் கட்டி நிலத்தில் மெதுவாக இழுப்பேன். நெல் மூட்டைக்குப் பின்னால் பதுங்குவாள். காது இரண்டும் முன்னுக்கு வரும், கண்ணின் கருமணி விரிந்து கண் முழுக்கக் கறுக்கும், பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடும், அடுத்த கணம் துணியின் மேல் நிற்பாள். சுகமாக இருக்கிற நாளில் அந்தப் பதுங்கல் கலையாது. கடி இருந்தால் பாய வேண்டிய இடத்தில் குந்தியிருந்து சொறிவாள். தோலில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே எனக்கு அப்படித்தான் தெரியவரும். உன் குட்டியோடும் விளையாடிப் பார். கடைசியில் துணியைப் பிடிக்கவிட்டு, உடனே கொஞ்சம் மீனும் சோறும் வை. வேட்டை, சாப்பாடு, நக்கித் துப்புரவாக்கல், நித்திரை என்பதுதான் பூனையின் ஒழுங்கு. வெறுங்கையால் விளையாட்டுக் காட்டாதே, கையைக் கடிக்கப் பழகிவிடும். முடிந்ததும் துணியை எடுத்து உயரத்தில் வை. நூலை விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

குட்டி வெள்ளை நிறம் என்றும் எழுதியிருந்தாய். வெள்ளைக் காது வன்னி வெயிலுக்குத் தாங்காது. தொடர்ந்து எரிபட்டால் ஆண்டுகள் போகப் புற்றாகவும் மாறலாம். மத்தியானம் உள்ளே சீமெந்து நிலத்தில் படுக்கவிடு. குளிப்பாட்டத் தேவையில்லை.

வைத்தியரிடம் போகிற அன்றைக்கு, விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைப் போடுகிற வயது வந்துவிட்டதா என்றும் கேள். மடியில் வைத்து மோட்டார் சைக்கிளில் போகாதே. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட மட்டைப் பெட்டிக்குள் பழைய சாரம் ஒன்றை விரித்து, மூடியைக் கட்டிக் கொண்டுபோ. சொறி மாறும்வரை மகளைக் குட்டியோடு ஒரே பாயில் படுக்க விடாதே, அழுதாலும் பரவாயில்லை. மருந்து போட்ட பிறகு காது எப்படி இருக்கிறதென்று உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்