கழற்றிய சாமான் எங்கே போகிறது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

பழைய சோடா மெஷின்களைச் சரிசெய்து கொடுக்கும் எங்கள் பட்டறை புது இடத்துக்கு வந்த பிறகு எல்லோருக்கும் ஒரு மடல் எழுத வேண்டும் என்றுதான் இருந்தோம். இடம் மாறிய விவரம், மேஸ்திரி ஊருக்குப் போய்விட்ட விவரம், அவ்வளவுதான் எழுதுவதாக இருந்தது. அதற்குள் போன வாரம் எங்கள் மேல் குற்றம் சொல்லும் ஒரு குரல் பதிவு போனுக்குப் போன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. உங்களில் பாதிப் பேருக்காவது வந்திருக்கும். நான்கு பேர் அதை எனக்கே அனுப்பி, “என்னங்க இது?” என்று கேட்டீர்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

“ஒரிஜினல் கம்ப்ரசரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, டூப்ளிகேட் மாட்டிக் கொடுக்கிறார்கள்.” இதுதான் குற்றச்சாட்டு. கூலி அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். வேலை தாமதம் என்றால் அதுவும் சரி, உண்மைதான். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பழைய சாமானில் கை வைக்கிறோம் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பதிவில் பேசப்படும் பெட்டி யாருடையது என்று சொல்லப் போவதில்லை. ஐம்பதுகளில் அமெரிக்காவில் செய்த வெண்டோ 44, காசு போட்டால் குளிர்ந்த சோடா பாட்டில் தரும் மெஷின். ஒல்லியான பெட்டி, பெயரில் இருக்கிறபடியே 44 பாட்டில் பிடிக்கும். கார் ஷெட்டில் ஜாவா பைக்குக்கும் அம்பாசடர் காருக்கும் நடுவே நிறுத்த இதைவிட அழகான சோடாப் பெட்டி கிடையாது என்பது என் எண்ணம். எங்களிடம் வரும்போதே அதன் கம்ப்ரசர், அதாவது பெட்டியைக் குளிர வைக்கும் மோட்டார் பம்பு, கருகித்தான் இருந்தது. ஏன் கருகியது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் கரண்ட் 115 வோல்ட், 60 சைக்கிள் (நொடிக்கு 60 அலை). இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், சைக்கிளை அது மாற்றாது. 60 சைக்கிளுக்குக் காயில் (உள்ளே சுற்றும் கம்பி) கட்டிய மோட்டார் 50-ல் ஓடினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், கரண்ட்டை அதிகமாக இழுக்கும், சூடேறும். பம்புசெட் மோட்டார் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் டிரான்ஸ்பார்மர் போட்டால் போதும் என்று அந்தப் பதிவில் அடித்துச் சொல்லியிருப்பதால் சொல்கிறேன். ஒரு மாதம் ஓடும், இரண்டு மாதம் ஓடும். சித்திரை வெயிலில் ஒரு நாள் நின்றுவிடும்.

கருகினால் காயில் கட்டிக் கொடுக்க வேண்டியதுதானே என்பார்கள். திறந்த மோட்டாராக இருந்தால் மேஸ்திரி ஒரே நாளில் கட்டியிருப்பார். இது வெல்டு வைத்து மூடிய குடம். அறுத்துத் திறந்து மறுபடி வெல்டு அடித்தால் அப்புறம் ஒரிஜினல் என்ற பேச்சுக்கே இடமில்லை. குளிர வைக்கும் கேஸின் கதையும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் இருப்பது ஆர்-12 என்ற கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-லிருந்து அதை நிறுத்தியாயிற்று. அதற்குப் பதில் 134ஏ என்ற கேஸ் ஏற்றினால் பழைய மினரல் ஆயிலோடு அது ஒட்டாது. ஆயில், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸ் போகும் மெல்லிய கேப்பிலரிக் குழாய் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

அதனால்தான் 230 வோல்ட்டில் ஓடும் புதுக் கம்ப்ரசர் மாட்டுகிறோம். பெட்டியில் புதிதாக ஒரு துளைகூடப் போடுவதில்லை. பழைய போல்ட் துளைகளிலேயே ஒரு தகடு வைத்து அதன் மேல் உட்கார வைக்கிறோம். நாளைக்கே யாராவது பழையபடி மாற்ற நினைத்தால் நாலு போல்ட்டைக் கழற்றினால் போதும். கழற்றியதைச் சாக்கில் கட்டி, சீட்டு எழுதி, பெட்டியோடு சேர்த்து அனுப்புகிறோம். அந்த வெண்டோ பெட்டிக்காரருக்கும் அனுப்பினோம். இடம் மாற்றியபோது மூன்று சாக்குகளின் சீட்டு கழன்று மாறிப்போனதில் அவருக்குப் போனது வேறொரு பெட்டியின் கம்ப்ரசர். இரண்டு சாக்கு கிடைத்துவிட்டது, அவருடையதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எடைக்கு எதுவும் போடவில்லை.

பழசின் மேல் எங்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் காசு விழும் பாகத்தில் நாங்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் போட்டால் பாட்டில் வரும்படி செய்து தரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் ஆசையாகப் போடுவார்கள், அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தப் பெட்டிகள் அமெரிக்க ஐந்து சென்ட் காசுக்குச் செய்தவை. அந்தக் காசு 21.2 மில்லிமீட்டர், நம் பழைய ரூபாய்க் காசுகள் அதைவிடப் பெரிது, 2019-லிருந்து வரும் புதுக் காசு அதைவிடச் சிறிது. போதாததற்கு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் ஸ்டீல். செல்லாக் காசைப் பிடிக்க உள்ளே வைத்திருக்கும் காந்தம் அதை அப்படியே நிறுத்திவிடும். பித்தளையில் டோக்கன் கடைந்து பார்த்தோம், காந்தத்தைத் தாண்டும்போது வேகம் குறைந்து வெளியே வந்து விழுந்தது. அரத்தை எடுத்துக் காசு போகும் வழியில் நாலு இழுப்பு இழுத்து, காந்தத்தையும் பிடுங்கிப் போட்டால் பத்து நிமிட வேலை. அதைச் செய்ய மாட்டோம். அதனால்தான் உங்கள் பெட்டியோடு ஒரு பிடி ஐந்து சென்ட் காசு தேடிப் பிடித்துக் கொடுக்கிறோம்.

கோலி சோடா மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைச்சக்கரத்தோடு செம்புப் பீப்பாய் உள்ள பெரிய மெஷின்களில் உட்பக்கம் புதிதாக ஈயம் பூசுகிறோம். பழைய நிறம் போய்விட்டது என்று ஒருவர் வருத்தப்பட்டார். கேஸ் ஏறிய தண்ணீர் புளிப்புத் தன்மை உடையது, செம்பைத் தின்னும். பூச்சு தேய்ந்த இடத்தில் களிம்பு ஏறிய சோடாவைக் குடித்தால் வாந்திதான் வரும். வெறும் வெள்ளீயம்தான் பூசுகிறோம், காரீயம் கலப்பதில்லை. வெளிப்பக்கத்து நிறத்தை நாங்கள் தொடுவதே இல்லை. பாட்டில் கழுத்து ரப்பர் மட்டும் எல்லோருக்கும் புதிதுதான். இங்கிலாந்துக்காரர் ஹிராம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய அந்தக் கழுத்தில் கோலி போய் உட்காருவது ரப்பரின் மேல்தான், ரப்பர் வெடித்திருந்தால் கேஸ் நிற்காது.

மேஸ்திரியைப் பற்றி. ஆனைமலைப் பக்கம் தன் தோப்பைப் பார்க்கப் போய்விட்டார். தென்னைக்கு ஆள் கிடைக்கவில்லை, வயதும் ஆகிவிட்டது, தடுக்க முடியவில்லை. காதை வைத்துக் கேட்டே கம்ப்ரசரில் என்ன கோளாறு என்று சொல்கிற மனிதர். இரண்டு பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நல்ல பையன்கள், ஆனால் அவர் ஒரு நாளில் செய்ததற்கு இவர்களுக்கு மூன்று நாள் ஆகிறது. புதிதாக வரும் பெட்டிகளுக்கு ஐந்து மாதம் ஆகும், கூலியும் அடுத்த மாதத்திலிருந்து கொஞ்சம் கூடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, “அந்தப் பதிவைக் கேட்டேன் கண்ணு, எங்க மாமனார் மெஷினை உங்களைத் தவிர யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்” என்றார்கள். கோபியிலிருந்து ஒருவர் கேட்காமலேயே மீதிப் பணத்தை அனுப்பிவிட்டார். தாராபுரத்துக்காரர் பட்டறை மாற்றும் அன்று தன் டெம்போவையே அனுப்பி வைத்தார். பதினோரு வருடமாக இந்தப் பட்டறை ஓடுவது உங்களை மாதிரி ஆட்களால்தான். மனதார நன்றி.

இனிமேல் கழற்றும் சாமானைப் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுவோம். துணிச் சீட்டுக்குப் பதில் நம்பர் குத்திய தகரத் தகட்டைக் கம்பியில் கட்டுகிறோம். உங்கள் வீட்டில் இருக்கும் சாக்கைப் பிரித்து, கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டு நம்பரை எங்கள் ரசீதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் ஒரு போன் போதும், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை பட்டறை திறந்திருக்கும். கோலி சோடா மெஷின்காரர்கள் வரும்போது கேஸ் சிலிண்டரின் சோதனைத் தேதியையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சோடா மெஷின் பட்டறை, கோயம்புத்தூர்