ரங்கூன் அப்பத்தாவின் அடுப்படியைச் சீரமைக்க நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் 'பர்மாக்காரம்மா மெஸ்' என்று ஊரார் அழைத்த உணவு விடுதியை நடத்தி, கல்லூரி மாணவர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் பேருந்து நடத்துநர்களுக்கும் வேளை தவறாமல் சோறிட்டவர் ரங்கூன் அப்பத்தா. அவர் மறைவுக்குப் பின் பூட்டிக் கிடக்கும் அந்த விடுதியின் அடுப்படியையும் முன்கூடத்தையும் பழுதுபார்த்து, மீண்டும் அங்கே உலை வைப்பதென்று, அவருடைய பேரன் பேத்திகளும் அவரிடம் உண்டு படித்தவர்களும் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தினரும் சேர்ந்து அமைத்துள்ள எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. அப்பணிக்குத் தங்கள் நன்கொடையை நாடி இவ்வேண்டுகோளை எழுதுகிறோம்.

செட்டிநாட்டில் பர்மாவின் பெயர் கேளாத வீடு இராது. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போன நகரத்தார் ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி (தங்குமிடமும் தொழிலிடமும் சேர்ந்த வணிக விடுதி) வைத்து லேவாதேவி செய்ததும், 1930களின் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலங்கள் வந்து சேர்ந்து, 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு விளைநிலம் நகரத்தார் கைக்கு வந்ததும், விடுதலைக்குப் பின் 1948இல் பர்மா இயற்றிய நில நாட்டுடைமைச் சட்டம் அதைப் பறித்ததும் நூல்களில் பதிவாகியிருக்கின்றன. பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களையும் நிலைக்கதவுகளையும் கானாடுகாத்தானில் இன்றும் வெளியூரார் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆனால் அதே பர்மாவில் நாற்று நட்டும், மூட்டை சுமந்தும், சிறுகடை வைத்தும் பிழைத்த தமிழர்களுக்கு நேர்ந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1962இல் படைத்தளபதி நே வின் அங்கே ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் கடைகள் நாட்டுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் 50, 100 கியாத் (பர்மிய நாணயம்) தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அதன்பின் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிறந்த மண்ணை விட்டு, கண்டறியாத தாய்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். தேக்கு வந்த கதையைப் பெருமையோடு சொல்லும் நாம், மனிதர்கள் வந்த கதையைச் சொல்லாமல் விட்டது நியாயமில்லை என்பதே இக்குழு தோன்றக் காரணம்.

அப்பத்தா பர்மாவின் பெகு நகரில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் திருவாடானைப் பக்கத்திலிருந்து அறுப்பு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். கணவர் ரங்கூனில் ஒரு கிட்டங்கியில் சமையல் பார்த்தவர். 1965இல் மூன்று பிள்ளைகளோடு சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, புறப்பட்ட துறையிலேயே தோடும் மூக்குத்தியும் பறிபோயிருந்தன. கணவரின் கைப்பக்குவத்தை அறிந்த காரைக்குடி ஆச்சி ஒருவர் தம் வீட்டின் பின்கட்டை ஒட்டிய ஓட்டுக்கொட்டகையை வாடகைக்குக் கொடுக்க, அங்கே காலை இட்லிக் கடையாகத் தொடங்கியது பிறகு மதியச் சாப்பாட்டு மெஸ்ஸாக வளர்ந்தது. கணவர் விரைவிலேயே காலமாகிவிட, அடுப்பும் கல்லாவும் பிள்ளைகளும் அப்பத்தாவின் பொறுப்பாயின. கொட்டகையைப் பிற்காலத்தில் அவரே விலைக்கு வாங்கினார்.

மெஸ்ஸில் வார நாள்களில் கல்பாசியும் மராட்டி மொக்கும் மணக்கும் நம்மூர்க் குழம்புதான். சனிக்கிழமை மாலையில் மட்டும் அப்பத்தா தம் ஊர்ச் சமையலைச் செய்வார். வாழைத்தண்டை மெல்லியதாக அரிந்து மீன் சாற்றில் வேகவிட்டு, வறுத்த கடலைமாவைக் கரைத்துவிட்டு, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றித் தரும் மொயிங்காவுக்கு ஆறு மணிக்கே ஆள் நிற்கும். சைவக்காரர்களுக்கு மீன் சேராத தனிப் பானை உண்டு. அத்தோவை அவர் கரண்டியால் கிளறியதே இல்லை. அவித்த நூடுல்ஸோடு முட்டைக்கோசும், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயமும், பூண்டு எண்ணெயும், புளித் தண்ணீரும், நொறுக்கிய தட்டையும் சேர்த்துக் கையால் பிசைந்தால்தான் உறைப்பும் புளிப்பும் இழைக்கு இழை ஒட்டும் என்பார். நம் கல்யாணங்களில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பரிமாறும் கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்ததே. "அது எங்க ஊரு அரிசி" என்று அவர் சொல்ல, "இங்கே வந்து மூணு தலைமுறையாச்சு, இனி எங்க ஊருதான்" என்று பக்கத்து வீட்டு ஆச்சி மறுக்க, அந்த வழக்கு கடைசி வரை தீரவில்லை.

ஊரிலிருந்து மணியார்டர் வரத் தாமதமான அழகப்பா கல்லூரி மாணவர்கள் பலர் அவரிடம் பற்று எழுதிச் சாப்பிட்டார்கள். அப்பற்று நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெயர் உள்ள சிலர் இக்குழுவிலும் இருப்பதால், பாக்கி எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டாம்.

நினைவுச் சின்னம் பற்றிப் பேச்சு எழுந்தபோது, மார்பளவுச் சிலை வைக்கலாம் என்று உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். "இந்தக் காசுக்கு எத்தனை மூட்டை அரிசி வரும்னு கணக்குப் பாத்தீகளா?" என்றுதான் அப்பத்தா கேட்டிருப்பார் என்று பேத்தி சொன்னதும் அப்பேச்சு அடங்கிவிட்டது. எனவே அடுப்படியே நினைவிடமாக இருக்கும். சரிந்த நாட்டு ஓடுகளை மாற்றி, உளுத்த கைமரங்களை எடுத்துவிட்டு, சுவருக்குச் சிமெண்ட் பூசாமல் பழையபடி சுண்ணாம்பே பூசி, பெயர்ந்த தரையில் ஆத்தங்குடிக் கல் பதிக்க எண்ணியுள்ளோம். பணி முடிந்ததும் வாரத்தில் இரண்டு நாள், பர்மாவிலிருந்து வந்த முதியோருக்கும் வசதி குறைந்த மாணவர்களுக்கும் மதியச் சாப்பாடு இலவசமாக வழங்கப்படும். முன்கூடத்தில், அம்முதியோர் தம் பயணத்தையும் சமையலையும் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்து வைப்போம். கப்பலில் வந்தவர்களில் நினைவு தெளிவாக உள்ளோர் சிலரே எஞ்சியிருப்பதால், கட்டடம் முடியும்வரை காத்திராமல் பதிவுப் பணியை இப்போதே தொடங்கிவிட்டோம்.

மொத்தச் செலவு 9 லட்சம் ரூபாய் என மதிப்பிட்டுள்ளோம். கூரைக்கும் சுவருக்கும் தரைக்கும் 5 லட்சம், ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் ஆவணங்களைப் படியெடுக்கவும் 1 லட்சம், முதலாண்டு மளிகைக்கும் சமையலாள் சம்பளத்துக்கும் 3 லட்சம். குழுவினரின் பங்காக 2 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. இடம் அப்பத்தாவின் குடும்பத்தாருக்கு உரியது; அதை 30 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு ரூபாய்க் குத்தகையில் குழுவின் பெயருக்கு எழுதித் தந்திருக்கிறார்கள்.

எத்தொகைக்கும் எண்ணிட்ட ரசீது தரப்படும். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் மெஸ்ஸின் வாசல் பலகையில் ஒட்டப்படும். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி அனுமதி இன்னும் கிடைக்கவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறோம். சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளில் வாழும் நம்மவர்களில் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றோரிடம் பணம் பெறுவதற்குரிய பதிவு எங்களுக்கு இல்லாததால், அவர்கள் பொறுத்தருள வேண்டும். பணமாகத் தர இயலாதவர்கள் அரிசி, பருப்பு, விறகு, பழைய பித்தளைப் பாத்திரங்கள் ஆகியவற்றைத் தரலாம். கொத்து வேலையோ தச்சு வேலையோ தெரிந்தவர்கள் சில நாள் உழைப்பைத் தந்தாலும் மகிழ்வோம். ஐப்பசி மழைக்கு முன் கூரையை முடித்தாக வேண்டியிருப்பதால், ஆவணி மாத இறுதிக்குள் தங்கள் பங்கை அளிக்க வேண்டுகிறோம்.

தங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டகத்திலோ பர்மாவில் எடுத்த ஒளிப்படம், கப்பல் சீட்டு, அங்கிருந்து வந்த கடிதம், கிட்டங்கிக் கணக்கேடு முதலியவை இருந்தால் அவற்றையும் கொண்டுவந்து காட்டுங்கள். அசலை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம்; தங்கள் கண்முன்பே படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

இவண்,
நினைவுக் குழுவினர்,
காரைக்குடி